டைனமோவைத் திருத்துறதா, மாத்துறதா? – பழைய பெட்போர்ட் லொறிகளும் வாவிக்கரையின் எழுதப்படாத வரலாறும்

மட்டக்களப்பு வரலாறு எண்டு தேடினால் முதலில் கோட்டை வரும். 1628இல் போர்த்துக்கேயர் கட்டினது, 1638இல் ஒல்லாந்தர் பிடிச்சது. அடுத்து 1924இல் கட்டின கல்லடிப் பாலம் வரும். பிறகு கோயில்கள், குடிகள், கூத்து. இதெல்லாம் எழுதப்பட்டிருக்கு, இன்னும் எழுதப்படவும் வேணும். ஆனால் இந்த வாவியின் இரண்டு கரையிலும் நெல்லையும் மணலையும் விறகையும் ஐம்பது அறுபது வருசமாய்ச் சுமந்த லொறிகளைப் பற்றி ஒரு பக்கம்கூட எங்கட கண்ணில் தட்டுப்படவில்லை. சட்டமும் அவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச்சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தின பொருள்களையே தொல்பொருள் என்று வரையறுக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு பழைய பெட்போர்ட் லொறி பழைய இரும்பு மட்டும்தான்.

இந்தக் கட்டுரையில் நாங்கள் லொறி முழுவதையும் எடுக்கவில்லை. அதன் எஞ்சின் பக்கத்தில் பெல்ட்டில் சுத்துகிற, ஒரு பெரிய ரின்பால் டின் அளவான ஒரு சாமானை மட்டும் எடுக்கிறோம். அதுதான் டைனமோ. அது பழுதானால் திருத்துவதா, கழற்றி எறிஞ்சுபோட்டு ஓல்டனேட்டர் பூட்டுவதா என்பது கராஜில் தினமும் வரும் கேள்வி. அந்தக் கேள்விக்கு எங்கட பகுதி ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை சொல்லியிருக்கு. அந்த விடைகளை வரிசையாய் வைத்துப் பார்த்தால் அதுவே ஒரு வரலாறு.

டைனமோ எங்கிருந்து வந்தது?

காந்தப்புலத்துக்குள் கம்பியைச் சுழற்றினால் மின்சாரம் வரும் என்பதை 1831இல் மைக்கேல் பரடே காட்டினார். நிலைக்காந்தத்துக்குப் பதிலாக, தான் உண்டாக்கும் மின்னையே எடுத்துத் தன் காந்தத்தை வளர்த்துக்கொள்ளும் இயந்திரம் 1866–67 காலத்தில் வந்தது. வேர்னர் ஃபொன் சீமென்ஸ் இதில் முக்கியமான பெயர். வாகனத்துக்கு இது பெரியளவில் வந்ததற்கு 1912இன் கடிலாக் கார் ஒரு திருப்புமுனை. கையால் சுற்றி எஞ்சினை எழுப்பாமல் மின்சாரத்தாலே ஸ்டார்ட் பண்ணும் முறை அதில் வந்தது. ஸ்டார்ட் பண்ணப் பெட்டரி வேணும், பெட்டரியை நிரப்ப டைனமோ வேணும். அந்தச் சங்கிலி அப்படித்தான் தொடங்கியது.

பெட்போர்ட் லொறி 1931இல் இங்கிலாந்தில் பிறந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மட்டும் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் லொறிகள் பிரித்தானியப் படைகளுக்காகச் செய்யப்பட்டன. போர் முடிந்த பிறகு பிரித்தானியாவின் பழைய குடியேற்ற நாடுகள் எல்லாம் அதற்குச் சந்தையாயின, இலங்கையும் அதில் ஒன்று. இந்த லொறிகளிலும் மொரிஸ், ஒஸ்டின் கார்களிலும் மசி பெர்குசன் உழவு மெசின்களிலும் பெரும்பாலும் இருந்தது ஒரே கம்பனியின் டைனமோதான்: பெர்மிங்ஹாமின் லூக்காஸ். 19ஆம் நூற்றாண்டில் சைக்கிள் விளக்கு செய்து பெயர் எடுத்த கம்பனி அது.

இந்த ஒற்றுமை எங்கட கதைக்கு முக்கியம். காரில் இருந்து கழற்றினது உழவு மெசினுக்கு உதவும், உழவு மெசினின் ஆமேச்சர் லொறிக்கு உதவும். கடையில் சாமான் இல்லாத காலத்தில் இந்தப் பொருத்தம்தான் கராஜ்களைக் காப்பாற்றியது.

வாவி எப்படி லொறியைத் தேய்த்தது?

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள மணல் திட்டு எழுவான்கரை. சனம் நெருக்கமாய் இருப்பதும் சந்தையும் ஆஸ்பத்திரியும் அங்கேதான். வாவிக்கு மேற்கே சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. வயலும் மாடும் காடும் அங்கே. நெல் அந்தக் கரையில் விளையும், ஆலையும் சந்தையும் இந்தக் கரையில். நடுவில் தண்ணி. மண்முனையில் பாலம் திறந்தது 2014இல்தான். அதுவரை அங்கே துறைதான், பாதையில் ஏற்றித்தான் வாகனம் கடக்க வேணும். குருக்கள்மடம் – அம்பிளாந்துறைப் பக்கமும் துறைதான். லொறிக்காரருக்கு வலையிறவுப் பாலமும் பட்டிருப்புப் பாலமும் சுற்றுவழிகளாய் இருந்தன.

இதுக்கும் டைனமோவுக்கும் என்ன தொடர்பு? முதலாவது, உப்புக் காத்து. டைனமோவோடு சேர்ந்து ஒரு சின்னப் பெட்டி இருக்கும். கராஜ் பேச்சில் அதுக்குக் கட்அவுட். உள்ளே இரண்டு சின்ன மின்காந்தங்களும் மெல்லிய தொடுமுனைகளும். ஒன்று எஞ்சின் நிற்கும்போது பெட்டரிக் கரண்ட் திரும்பி டைனமோவுக்குள் ஓடாமல் தடுக்கும், மற்றது மின்னழுத்தம் கூடாமல் பார்க்கும். அந்தத் தொடுமுனைகளில் உப்பு படிஞ்சால் எல்லாம் குழம்பும். இரண்டாவது, மணல். பின்பக்கத்து வெண்கலப் புஸ்ஸுக்கு ஒரு சின்ன எண்ணெய்த் துளை உண்டு. சில ஆயிரம் மைலுக்கு ஒருக்கா இரண்டு மூன்று துளி எண்ணெய் விட வேணும். விடாமல் மணல் போனால் புஸ் தேயும், ஆமேச்சர் தாழ்ந்து பீல்ட் இரும்பில் உரசும். மூன்றாவது, வேகம். டைனமோ மெதுவாய்ச் சுத்தினால் ஒன்றும் தராது. துறையில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்து நிற்பது, சேற்றுப் பாதையில் ஊர்ந்து போவது, இந்த இரண்டிலும் பெட்டரி நிரம்பாது, குறையும். நல்ல தார்றோட்டில் நிமிர்ந்து ஓடுவதற்கு நினைத்துச் செய்த சாமான், மாரியில் படுவான்கரை வண்டிப்பாதையில் ஓடினால் திணறத்தானே செய்யும்.

இறக்குமதி நின்ற காலம்: திருத்து!

1960களின் தொடக்கத்திலிருந்தே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கையில் வாகன இறக்குமதி இறுகத் தொடங்கியது. 1970 முதல் 1977 வரையான கூட்டு முன்னணி ஆட்சியில் அது உச்சத்துக்குப் போனது. எங்கட வீடுகளில் பாணுக்கு வரிசையில் நின்ற கதையாக அந்தக் காலம் நினைவில் இருக்கு. லொறிக்காரருக்கு அது இன்னொரு கதை. 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை வந்தது. அரிசியையும் நெல்லையும் தனியார் விரும்பினபடி ஏத்திப் போக முடியாத காலம், வழியில் தடைபோட்டுச் சோதனை. புது லொறியும் இல்லை, புது டைனமோவும் இல்லை.

அப்போது மிஞ்சியது ஒரே வழி, திருத்துவது. அந்த வேலை என்ன எண்டு விளங்கினால்தான் அதன் பெறுமதி விளங்கும். எழுவான்கரையில் ஒரு கராஜில் பழைய பெட்போர்ட் ஒன்றின் டைனமோவைப் பிரிச்சு வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்து, கேட்டு, குறிச்சுக்கொண்டோம். அந்த முறை பழைய லூக்காஸ் வேலைக் கையேட்டில் உள்ள ஒழுங்கோடு அப்படியே பொருந்துகிறது.

கழற்றுவதற்கு முதல் சோதனை. டைனமோவின் இரண்டு முனையிலும் உள்ள வயர்களைக் கழற்றி, அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து, அதுக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவில் வோல்ட் மீற்றரைப் பிடிக்க வேணும். எஞ்சினை மெதுவாய்க் கூட்டினால் முள்ளு சட்டென்று ஏற வேணும். ஏறினால் டைனமோ சுகம், பழுது கட்அவுட்டிலோ வயரிலோ. அரை வோல்ட், ஒரு வோல்ட்டோடு நின்றால் பீல்ட் கொயிலைச் சந்தேகிக்க வேணும். 12 வோல்ட் டைனமோவில் நாலு அஞ்சு வோல்ட்டில் நின்றால் ஆமேச்சர். ஒன்றுமே வராவிட்டால் முதலில் காபனைப் பார். இந்தச் சோதனையில் எஞ்சினைக் கண்டபடி இரைய விடக்கூடாது, கட்டுப்பாடு இல்லாத டைனமோ தன்னைத்தானே எரிச்சுப்போடும்.

பிரிச்ச பிறகு வேலை கொமியூட்டேட்டரில். செப்புத் துண்டுகள் வட்டமாய் அடுக்கி, நடுவில் மைக்கா வைத்த உருளை அது. காபன் உரசி உரசிச் செம்பு தேயும், ஆனால் மைக்கா தேயாது. மைக்கா மேலே நின்றால் காபன் துள்ளும், பொறி பறக்கும். ஆகவே உருளையைக் கடைச்சலில் சீவி, மைக்காவை 1/32 அங்குலம் பள்ளமாய்ச் சுரண்ட வேணும். அதுக்கென்று விசேட ஆயுதம் ஒன்றும் இல்லை. இரும்பு அரியும் வாளின் ஒரு துண்டை மைக்காவின் தடிப்புக்குத் தீட்டி எடுத்தால் போதும். ஒரு இளைய தொழிலாளி இதை அவசரப்பட்டுச் செய்ய, மூத்தவர் சொன்னது: "மெல்ல சுரண்டு மனே, செம்பில கீறல் விழுந்தா மறுகா காபன் நிக்காது."

ஆமேச்சர் எரிஞ்சிருந்தால் வைண்டிங். பழைய கம்பியைப் பிரிக்கும்போதே எத்தனை சுற்று, எந்தத் தடிப்பு, எந்தப் பள்ளத்திலிருந்து எந்தச் செப்புத் துண்டுக்கு என்று எண்ணிக் குறிக்க வேணும். திரும்பச் சுற்றி, ஈயம் பிடிச்சு, வார்னிஷ் ஊற்றிக் காய வைக்க வேணும். ஒரு எண்ணிக்கை பிழைத்தால் முழு வேலையும் பிழை. கணக்கும் கைப்பழக்கமும் பொறுமையும் ஒன்றாய்ச் சேரும் வேலை அது. பூட்டிய பிறகும் ஒரு சடங்கு இருக்கு. பெட்டரியிலிருந்து ஒரு வயரால் பீல்ட் முனையை ஒரு கணம் தொட்டு எடுப்பது. டைனமோவின் இரும்பில் மிச்சமாய் நிற்கும் காந்தம் சரியான திசையில் அமைய வேணும் எண்டதுக்காக. இல்லாவிட்டால் அது தலைகீழாய் மின் தரும்.

இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்து வந்ததில்லை. கிளீனராய், கையாளாய்ச் சேர்ந்து, சாவி எடுத்துக் கொடுத்து, ஏச்சு வாங்கி, பிறகு கையில் ஏறினது. வாசிக்கத் தெரியாத ஒருவருக்கும் இது முழுசாய்த் தெரிந்திருக்கலாம். அதனால்தான் எழுத்தில் இல்லை.

சாமான் வந்த காலம்: மாத்து!

இதே காலத்தில் உலகம் டைனமோவை விட்டு விலகிக்கொண்டிருந்தது. சிலிக்கன் டயோட்டு மலிவானதும் ஓல்டனேட்டர் வாகனத்துக்கு வந்தது. 1960இல் கிறைஸ்லர் வாலியன்ட் காரில் அது பெருமளவில் பூட்டப்பட்டது, 1960களிலேயே லூக்காஸும் அதைச் செய்யத் தொடங்கியது. டைனமோவில் முழு மின்னோட்டமும் சுழலும் ஆமேச்சரிலிருந்து காபன் வழியாக வெளியே வர வேணும். ஓல்டனேட்டரில் இது மறுபக்கம். சுழல்வது காந்தம், மின் வருவது அசையாத கம்பிச் சுற்றிலிருந்து. காபனில் ஓடுவது சின்னக் கரண்ட். ஆகவே வேகமாய்ச் சுத்தலாம், எஞ்சின் மெதுவாய் நிற்கும்போதும் சார்ஜ் வரும். பல பழைய பிரித்தானிய வாகனங்களில் இருந்த லூக்காஸ் டைனமோ 22 அம்பியர் வரைதான் தரும். சாதாரண ஓல்டனேட்டரே அதைத் தாண்டிவிடும்.

1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம். யப்பான் லொறிகளும் வான்களும் ஓல்டனேட்டரோடு வந்து இறங்கின. 1986இல் ஜெனரல் மோட்டர்ஸ் பெட்போர்ட் லொறித் தொழிலை விட்டு விலகியது. லூக்காஸ் கம்பனியும் 1996இல் இன்னொரு கம்பனியோடு இணைந்து பழைய உருவத்தை இழந்தது. பாக்குநீரிணைக்கு அங்கால் சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூக்காஸ் டிவிஎஸ் தொழிற்சாலை மட்டும் அந்தப் பெயரைத் தமிழர் வாயில் இன்னும் வைத்திருக்கு.

பழைய லொறிக்கு ஓல்டனேட்டர் பூட்டுவது சும்மா கழற்றிப் பூட்டும் வேலை இல்லை. 1960களின் நடுப்பகுதி வரை பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் பெட்டரியின் பொசிற்றிவ் பக்கம்தான் உடம்போடு பூட்டியிருக்கும். வழக்கமான ஓல்டனேட்டருக்கு நெகற்றிவ் உடம்போடு இருக்க வேணும். மாத்தாமல் பூட்டினால் டயோட்டு ஒரு நொடியில் போய்விடும். ஆகவே பெட்டரியைத் திருப்பி, அம்பியர் மீற்றர் வயரை இடம் மாத்தி, பெட்ரோல் எஞ்சின் எண்டால் கொயில் வயரையும் மாத்தி, பழைய கட்அவுட்டை விலக்கி, கூடின கரண்டைத் தாங்கத் தடிச்ச வயர் இழுக்க வேணும். ஸ்டார்ட்டரும் பல்பும் மட்டும் திசை பார்ப்பதில்லை. இந்த மாற்று வேலையும் ஒரு அறிவுதான், அதையும் நாங்கள் குறைச்சுச் சொல்லவில்லை.

யுத்தம்: திரும்பவும் திருத்து!

ஆனால் எங்கட பகுதியில் திறந்த சந்தை நேராய்ப் போகவில்லை. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியது. ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களை விடுதலைப் புலிகள் கொன்றார்கள். செப்டெம்பர் 5 வந்தாறுமூலை வளாகத்தில், நாங்கள் இண்டைக்குப் படிக்கிற இதே வளாகத்தில், தஞ்சம் புகுந்திருந்தவர்களில் பலரை இராணுவம் கொண்டுபோனது, அவர்கள் திரும்பவே இல்லை. ஒரு டைனமோக் கட்டுரையில் ஏன் இதைச் சொல்கிறோம்? ஒரு லொறி ஓடுவதற்கு ஒரு ஊர் போதாது. கடை ஒரு சமூகத்தில், வயல் இன்னொன்றில், கடைச்சல் ஒரு ஊரில், ஓட்டுநர் வேறொரு ஊரில். அந்த நம்பிக்கை அறுந்தால் காபன் துண்டு ஒன்று வாங்கப் போவதற்கும் உயிரைக் கையில் பிடிக்க வேணும். எங்கட தொழில் வரலாற்றை எழுதும்போது இந்த அறுந்த இடத்தைத் தாண்டிக் குதிக்க ஏலாது.

வாவியும் எல்லையானது. படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில், எழுவான்கரை இராணுவத்திடம். வலையிறவு போன்ற இடங்களில் சோதனைச் சாவடி. எரிபொருள், பெட்டரி, உரம், சீமெந்து போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு. ரோச் லைட் பெட்டரிகூட போர்ச் சாமான் ஆன காலம் அது. யாழ்ப்பாணத்தில் சைக்கிளைத் தலைகீழாய் வைத்து மிதியைச் சுற்றி, அதன் டைனமோவில் றேடியோ கேட்டார்கள், மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். அது பலரும் எழுதிப் பிரபலமான கதை.

படுவான்கரைக்கும் அதே கணக்குத்தான். புதுப் பெட்டரி வராத இடத்தில் பழையதை உயிரோடு வைத்திருக்க ஒரு சார்ஜர் வேணும். மின்சாரக் கம்பி பல ஊர்களுக்கு வந்து சேராத நிலையில், ஓடுகிற லொறியும் உழவு மெசினும்தான் அந்தச் சார்ஜர். டீசல் எஞ்சின் ஒருக்கா எழும்பினால் மின் இல்லாமலும் ஓடும், தள்ளியே எழுப்பலாம். ஆனால் இரவில் வெளிச்சம் வேணும் எண்டால் டைனமோ வேணும். பிரசவ வலியோடு ஒருத்தியை இரவில் துறைக்குக் கொண்டுவரவும் வெளிச்சம் வேணும். இந்த இடத்தில் பழைய டைனமோவுக்கு ஒரு மேன்மை இருந்தது. சிலிக்கன் டயோட்டு எரிஞ்சால் கிராமத்தில் செய்ய ஒன்றுமில்லை. டைனமோவில் உள்ளதெல்லாம் இரும்பு, செம்பு, காபன். கண்ணால் பார்க்கலாம், கையால் திருத்தலாம்.

2002 சனவரியில் தடைகள் பெருமளவில் தளர்ந்தன. 2007இல் மார்ச் இறுதியில் கொக்கட்டிச்சோலையும் ஜூலையில் தொப்பிகலவும் இராணுவத்திடம் வீழ்ந்தன. அதன் பிறகு வீதி வந்தது, கரண்ட் வந்தது, பைனான்ஸில் புது வாகனம் வந்தது. கூடவே பழைய இரும்பு வாங்குகிறவர்களும் வந்தார்கள். டைனமோவுக்குள் இருக்கும் செம்பு நல்ல விலை போகும். யுத்தம் தின்னாமல் விட்ட பல லொறிகள் நிறுவையில் போய் முடிந்தன.

இப்போது?

கதை முடிஞ்சுது எண்டு நினைத்த நேரத்தில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. 2022இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசை. உதிரிப்பாகம் தங்க விலை. தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த அஞ்சு வருசமும் நாட்டைத் தள்ளிக்கொண்டு போனது கராஜ்கள். 1970களில் சொன்ன அதே விடை, திருத்து. ஆனால் இந்த முறை அதைச் சொல்லித்தர இருந்தவர்கள் குறைவு. வைண்டிங் தெரிந்த பலருக்கு வயது போய்விட்டது, கண் தெரிவதில்லை. பிள்ளைகள் கட்டாரில், சவூதியில். எஞ்சியிருப்பது "முழுசாய்க் கழட்டு, வேற பூட்டு" என்ற பழக்கம்.

எங்கட வாதம் பழசெல்லாம் நல்லது என்பதில்லை. இரவில் நெல் ஏத்தி ஓடிப் பிழைக்கிற ஒருவர் தன் பெட்போர்ட்டுக்கு ஓல்டனேட்டர் பூட்டினால் அது நியாயம். வெளிச்சம் குறைஞ்ச லொறியில் மாடு குறுக்கே வரும் றோட்டில் போகச் சொல்லி அவருக்கு மரபு பற்றிப் பாடம் எடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் கழற்றின டைனமோவை நிறுவையில் போடாமல் ஒரு சாக்கில் சுற்றி வைக்கச் சொல்லலாம். திரும்பப் பூட்டக்கூடிய விதத்தில் வயரை வெட்டாமல் விடச் சொல்லலாம். யாரோ ஒருவர் அந்த லொறியை நாளைக்குப் பழைய நிலையில் நிறுத்த நினைத்தால் வழி அடைபடாது.

அதைவிடப் பெரிய வேலை எழுதுவது. நூலகம் போன்ற எண்ணிம நூலகங்கள் எங்கட புத்தகங்களையும் பத்திரிகைகளையும் காப்பாற்றித் தந்திருக்கின்றன. கையில் இருக்கும் அறிவை யார் சேர்ப்பது? கலைப்பீடத்தில் ஒவ்வொரு வருசமும் எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகள் எழுதுகிறோம். கோட்டையைப் பற்றி ஐம்பதாவது கட்டுரை எழுதுவதற்குப் பதிலாக, ஏறாவூரில், காத்தான்குடியில், களுவாஞ்சிக்குடியில், வாழைச்சேனையில் இருக்கும் பழைய கராஜ்களுக்கு ஆளுக்கொன்றாய்ப் போகலாம். தமிழ்க் கராஜுக்கு முஸ்லிம் மாணவரும், முஸ்லிம் கராஜுக்குத் தமிழ் மாணவரும் போனால் இன்னும் நல்லது. தொழிற்சொல்லை அவர்கள் சொல்கிறபடியே எழுதலாம். எந்த வருசம் எந்தச் சாமான் கிடைக்கவில்லை, அதுக்குப் பதிலாய் எதைப் பூட்டினார்கள் எண்டு கேட்கலாம். கைகளின் அசைவைப் போனில் படம் பிடிக்கலாம். ஒரு அட்டவணையாய்ப் போட்டால் அது தடைகளின், தட்டுப்பாடுகளின், அதைத் தாண்டின மனிதர்களின் காலவரிசையாய் இருக்கும்.

இந்த வருச விடுமுறையில் எங்கட குழு இதைத் தொடங்குகிறது. உங்கட ஊரில் ஆமேச்சர் சுற்றத் தெரிந்த ஒரு ஐயாவோ காக்காவோ இன்னும் இருந்தால் எங்களுக்கு அறியத் தாருங்கள். ஆனால் எங்களுக்காகப் பார்த்துக்கொண்டு இருக்காமல், முதலில் நீங்களே போய் அவருக்குப் பக்கத்தில் இருங்கள்.